பெயருக்குக் கீழே புள்ளிகள்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் ப்ரூஃப் தாளின் மேல் கோடுகோடாகக் கிடத்தியிருக்கிறது. லாப நோக்கில்லாமல் அறிவியல் இதழ்கள் வெளியிடும் இந்த நிறுவனத்தின் ஐம்பதாண்டு வரலாறு நாளை அச்சுக்குப் போகிறது. இயக்குநரின் சிவப்புப் பேனா முதல் பக்கத்தில் ஒரு பெயரை அடிக்கிறது. அவருடைய அக்காவின் பெயர். எதிரே நிற்கும் பிழைதிருத்துபவள் குனிந்து, அடிபட்ட பெயருக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைக்கிறாள். அடித்ததைக் கண்டுகொள்ளாதே, அப்படியே விடு என்று அச்சகத்துக்குச் சொல்லும் குறி அது. "அவ என் அக்கா. இது எங்க குடும்ப விஷயம், நீ மூக்கை நுழைக்காதே." "பெரிய கம்பெனிக்கு இந்த நிறுவனத்தை விக்கப் பார்த்தப்ப, கையெழுத்துப் போட மாட்டேன்னு உக்காந்தது அவங்க ஒருத்தர்தான் சார். விக்கப் பார்த்தது நீங்க." மின்விசிறி தாளின் நுனியைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அவர் மறுபடியும் அடிக்கிறார், தாள் கிழிகிறது. கிழிசலை ஒட்டி அவள் மறுபடியும் புள்ளி வைக்கிறாள். "கடைசிப் பக்கத்துல உன் பேரும் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ." அவள் நிதானமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறாள். அவர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே அடிக்கிறாள். அதற்குக் கீழே புள்ளி வைக்கவில்லை.