ஒரு முழு நிமிஷம்

"ஒரு நாடியைப் பிடிக்க இவ்வளவு நேரமா டாக்டரம்மா?"

கேட்டவர் டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. கழுத்திலிருந்து விசிலைத்தான் கழற்றினாரே தவிர, மிடுக்கைக் கழற்றவில்லை.

நோயாளி நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் முழங்காலில் கையூன்றி அவர். டாக்டரம்மா மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தபடி மேஜைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு செகண்ட் எண்ணி... நாலால பெருக்கிட்டுப் போங்களேன். ஓடிட்டு வர்ற பசங்களுக்கு... முப்பது வருஷம் நான் அப்படித்தான் பார்த்தேன்."

"பதினஞ்சு செகண்ட்ல ஒண்ணு தப்பா எண்ணினா, பெருக்கினப்புறம் நாலு தப்பாயிடும் சார். இப்ப நீங்க பேசினதுல எண்ணிக்கையே போச்சு. மறுபடி முதல்லேர்ந்து எண்றேன். ஒரு நிமிஷம் வாயைத் திறக்காதீங்க."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஊர்ப்பட்ட பிள்ளைகளை வாய் மூடச் சொன்னவரையே வாய் மூடச் சொல்கிறார்கள். ஆனாலும் மூடிக்கொண்டார். மனைவி காரியமாயிற்றே.

காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் வந்து நின்றாள். "ஏங்க, எனக்கு என்னமோ பண்ணுது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் தனக்கென்று ஒரு தலைவலி மாத்திரைகூடக் கேட்காதவள். மாஸ்டர் பதறிப்போனார். டாக்டர் வாசலை மிதிப்பதில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவர், பாதி தேய்த்த பல்லோடு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கிளினிக் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. ஒருவேளை ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னால் என்ன செய்வது என்று அவள் ஒரு பையும் கட்டி எடுத்து வந்திருந்தாள். "அதைக் கொடு, நான் தூக்குறேன்" என்று கை நீட்டினார். "நீங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்று அவளே தூக்கிக்கொண்டாள். உடம்புக்கு முடியாதபோதும் இவளுக்கு வீம்பு மட்டும் குறையவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவள் சற்று இளைப்பாறட்டும் என்று நடுவில் இரண்டு இடத்தில் நின்றார்.

இப்போது அறையில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டரம்மாவின் பார்வை மனைவியின் தோளைத் தாண்டித் தன் சட்டை மேல் படிவதை மாஸ்டர் கவனித்தார். குனிந்து பார்த்தால் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. ஓசைப்படாமல் சரிசெய்துகொண்டார்.

நிமிஷம் முடிந்தது. டாக்டரம்மா கையை எடுத்தார்.

"நாடி எப்படிம்மா இருக்கு?"

"நான் நாடியை எண்ணலை சார், மூச்சை எண்ணினேன். எண்றோம்னு தெரிஞ்சா யாரா இருந்தாலும் நல்ல பிள்ளையா மூச்சு விட ஆரம்பிச்சுடுவாங்க. அதனால நாடி பிடிக்கிற மாதிரி ஒரு பாவனை."

"பலே! எத்தனை?"

"முப்பத்திரண்டு."

"அது எப்படி? வெளியில சிஸ்டர்... சீட்டுல பதினெட்டுன்னு எழுதியிருக்காங்களே!"

"இன்னிக்கு வந்த பதினாலு பேருக்கும் பதினெட்டுதான் எழுதியிருக்காங்க. எண்ணாம எழுதினா அப்படித்தான். சும்மா உக்காந்திருக்கிறப்ப இருபதுக்குள்ள இருக்கணும் சார். முப்பத்திரண்டுன்னா நுரையீரலுக்குள்ள சளி இறங்கியிருக்கும்னு சந்தேகப்படுறேன். இது மாத்திரைக்கு அடங்காது. உடனே பெரிய ஆஸ்பத்திரியில சேரணும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேன்."

மாஸ்டரின் மிடுக்கு போன இடம் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் என்னாலதான்மா. அஞ்சு நாளா... எனக்குத்தான் சளி. எங்கிட்டேருந்துதான் இவளுக்கு... ஒட்டிக்கிச்சு. வாங்க, டாக்டரைப் பார்ப்போம்னு... தலையால தண்ணி குடிச்சா. நான்தான் கேட்கலை. இவ இல்லாத வீட்ல... எனக்கு என்ன வேலை?"

அவரால் தொடர்ந்து பேச முடியவில்லை. துக்கம் நெஞ்சை அடைத்தது. மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க சார், நேரத்தோட வந்துட்டீங்க" என்றார் டாக்டரம்மா, போனை எடுத்துக்கொண்டே.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்தால் ஆகிற காரியமில்லை.

"அங்கே குளிரா இருக்கும். உன் சால்வையை... எடுத்து வெச்சியா?" என்றபடி பையைத் திறந்தார்.

உள்ளே அவருடைய நாலு பனியன்கள், இரண்டு சட்டைகள், ஷேவிங் செட், அவர் பேப்பர் படிக்கிற கண்ணாடி. அவளுடையது என்று ஒரு கைக்குட்டைகூட இல்லை.

திகைத்துப்போய் நிமிர்ந்தார். மனைவி நோயாளி நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. நான் முன்னாடியே சொல்லி வெச்சபடி டாக்டரம்மா இவ்வளவு நேரம் எண்ணினது உங்க மூச்சை. உங்களுக்குன்னு சொன்னா நீங்க வந்திருப்பீங்களா?"