ஆர்விடுக்கு ஒரு ஸ்கோப்

கண் வலிக்காமல் இதில் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று கேட்டாள் லோர்னா.

அமெரிக்காவில், மொன்டானாவின் அந்தச் சிற்றூரில் பதினெட்டு வருடமாகத் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறான் வெண்டல். துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் வாங்க வந்த யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. மானைக் குறுக்குக் கோட்டில் நிறுத்தி, மூச்சைப் பிடித்து, விசையை அழுத்த நாலு நொடி போதும்.

எல்க் மான் வேட்டை தொடங்க ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் அவள் கணவர் ஆர்விடுக்கு எழுபதாவது பிறந்தநாள். அவர் பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் அவருடைய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவர் திரும்புவதற்குள் ஸ்கோப்பை மாட்டித் தந்துவிட வேண்டுமாம்.

லோர்னா ஓட்டிய பள்ளிப் பேருந்தில்தான் வெண்டல் எட்டு வருடம் போய்வந்தான். இன்றும் அவள் ஏதாவது கேட்டால் அவன் முதுகு தானாக நிமிரும்.

மூன்று ஸ்கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தான். நூற்றிருபது டாலருடையதில் குளிருக்கு ஆவி படியும். ஆயிரத்து ஐந்நூறு டாலருடையதை அவள் தொடவே இல்லை. அவ்வளவு விலை என்று தெரிந்தால் ஆர்விட் அதைப் பெட்டியை விட்டே எடுக்க மாட்டார் என்றாள்.

நடுவில் இருந்த நானூற்றைம்பது டாலர் ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எதிர் மலைச் சரிவை நெடுநேரம் பார்த்தாள்.

ஆயிரம் குண்டு சுட்டாலும் குறி அசையாது என்றான் வெண்டல். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாள்.

சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைத்தாலும் புருவத்தில் இடிக்காது என்றான். அதுவும் பரவாயில்லை.

சூரியன் இறங்கிய பிறகும் நிறம் தெரியுமா? பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மான் நின்றால் இரண்டும் சேர்ந்து தெரியுமா? இவைதான் அவளுக்கு வேண்டியிருந்தன.

நாலு வருடமாக ஆர்விட் மலையிலிருந்து வெறுங்கையோடுதான் இறங்குகிறார் என்பது ஊருக்கே தெரியும். இந்த வருடமாவது உங்கள் வீட்டில் கறி வேகட்டும் என்று வெண்டல் சிரித்தான்.

லோர்னா சிரிக்கவில்லை. ஸ்கோப்பை மெதுவாக மேசைமேல் வைத்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

மலையிலிருந்து வந்ததும் அவருடைய கோட்டைத் துவைக்கப் போடுவது அவள்தான். பையில் ஐந்து தோட்டா இருக்கும். நாலு வருடமாக அதே ஐந்து. அதில் ஒன்றின் பித்தளையில் நீளமாக ஒரு கீறல் உண்டு, அதனால் தெரியும். கோட்டு காய்ந்ததும் திரும்பப் பையிலேயே போட்டுவிடுவாளாம்.

சாப்பாட்டு மேசையில் மட்டும் ஒவ்வொரு வருடமும் ஒரு கதை இருக்கும். காற்று திரும்பிவிட்டது, குறி தப்பிவிட்டது என்பார். பிறகு அவரை அறியாமலேயே பேச்சு வேறு பக்கம் போகும். காது கிழிந்த ஒரு பெண் மான். அதன் குட்டி ஓடையைத் தாண்டப் பயந்தபோது, தாய் நடுத்தண்ணீரில் திரும்பி நின்று காத்திருந்த விதம்.

"சுடப் போனவனுக்கு இவ்வளவு தெரியாதுடா, வெண்டல்."

அவன் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு பைனாகுலரை எடுத்து அவள் முன் வைத்தான். பாதி விலைதான், நாள் முழுக்கப் பார்த்தாலும் கண் வலிக்காது என்றான்.

அவள் அதைக் கையில் எடுத்தாள். ஆசையாகத்தான் பார்த்தாள். பிறகு அவன் பக்கமே நகர்த்தினாள்.

"இதைக் குடுத்தா, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சு போயிடும்."

வெண்டல் பைனாகுலரை உள்ளே வைத்துப் பூட்டினான். துப்பாக்கியைத் தாங்கியில் படுக்க வைத்துத் திருகாணிகளைத் தேடி எடுத்தான். ஸ்கோப்பை எங்கே நிறுத்தினால் ஆர்விடின் கண்ணுக்குச் சரியாக வரும் என்று மட்டும் கேட்டான்.

லோர்னா யோசிக்கவே இல்லை. துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையில் அவருடைய கன்னம் பட்டுப் பட்டு மினுமினுத்திருந்த இடத்தில் விரலை வைத்தாள்.