பாட்டுக்கு முன்னால்

"மறுபடியும் அதே ரெக்கார்டாடா?" அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய இசைத்தட்டுகளைக் கழுவித் தருவது அவள் தொழில். பியானோக்களுக்குச் சுருதி கூட்டும் தம்பி, ஒரே தட்டோடு அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக வந்து நின்றான்.

"இரைச்சல் போகலக்கா."

"உறிஞ்சுற மெஷின்ல போட்டேன், அழுக்குத் தண்ணி அரை டம்ளர் வந்துச்சு. அப்புறம் தண்ணிய அதிரவச்சு அழுக்கெடுக்குற தொட்டியில போட்டேன், தூசி துரும்பு இல்ல. இன்னும் என்ன பண்ணச் சொல்ற?"

"ரெண்டையும் சேர்த்துப் பண்ணிப் பாரேன்."

முணுமுணுத்துக்கொண்டே தொட்டியில் தட்டைச் சுழலவிட்டாள்.

"எனக்கு நேரமே சரியில்லக்கா. ரெண்டு வீட்டுல, சுருதி சேரலன்னு திருப்பிக் கூப்பிட்டாங்க."

ஈரத்தை உறிஞ்சி எடுத்து, தட்டைப் பிளேயரில் ஓடவிட்டு ஊசியை வைத்தாள். பாட்டு தொடங்குமுன் வரும் வெற்றுக் கோடுகளில்தான் சுத்தம் தெரியும். அப்படியொரு நிசப்தம். இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

தம்பி கண்ணை மூடிக் கேட்டான். "பாத்தியா, அதே இரைச்சல்! உன் மெஷின் எதுவும் லாயக்கில்லக்கா."

திட்ட வாயெடுத்தவளின் கண் சுவரோரம் போய் நின்றது. தொட்டியின் வயரைச் சொருகுவதற்காக ஸ்பீக்கரின் பிளக்கை அவளேதான் பிடுங்கியிருந்தாள். அது இன்னும் தரையில் கிடந்தது; ஸ்பீக்கரிலிருந்து எந்தச் சத்தமும் வந்திருக்க முடியாது.

பாட்டு தொடங்கும் இடம் வருமுன் சட்டென்று ஊசியைத் தூக்கினாள்.

"சொல்லுக்கா, உனக்கும் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சுடா," என்றாள். "மெஷின்தான் சரியில்ல."