சுவரோரம் விட்ட புல்

"நிறுத்துப்பா வண்டியை!"

கல்லறைத் தோட்டக் கமிட்டிச் செயலாளர் அசரியா போட்ட சத்தத்தில் டிராக்டர் நின்றது. பின்னால் மாட்டியிருந்த புல் வெட்டும் மிஷினும் சுற்றி ஓய்ந்தது.

காலையிலிருந்தே அவருக்கு எரிச்சல். மறுநாள் கல்லறைத் திருநாள். தாம்பரம் சபையே பூவும் மெழுகுவர்த்தியுமாக வந்து நிற்கும். மழையில் இடுப்பளவு வளர்ந்த புல்லை மளமளவென்று வெட்டித் தள்ளாமல், இந்த மாரி ஒரு மணி நேரம் கல் பொறுக்கிக்கொண்டு நடந்தான். அப்புறம் பிளேடை உயர்த்தி மேலாக ஒரு தடவை ஓட்டினான். தாழ்த்தி வைத்து இன்னொரு தடவை.

"ஒரேடியா ஒட்ட வெட்டுனா மிஷின் அடைச்சிக்கும் சார். கல்லு தெறிச்சி ஆள் மேல அடிக்கும்" என்று விளக்கம் வேறு.

அதையும் பொறுத்துக்கொண்டார். இப்போது பார்த்தால், அத்தனை இடமும் சுத்தமாகியும் சுவரோரம் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் புல் அப்படியே நிற்கிறது!

"அதை எதுக்கு விட்டே?"

"அங்க ஒரு கொயந்தை கீது சார்."

"கல்லறையே இல்லையேப்பா!"

"பொறந்த அன்னிக்கே போயிடுச்சாம். ஞானஸ்நானம் குடுக்கல, பேர் வெக்கல. அதான் சுவரோரமா பொதைச்சிட்டாங்களாம். டயர் ஏத்த மனசு வரல சார். அருவாளால அறுத்துடறேன்."

"யார் சொன்னா உனக்கு?"

"போன வருசம் ஒரு அம்மா. நீங்க சுண்ணாம்பு வாங்கப் போன நேரம், வண்டிக்குக் குறுக்கால வந்து நின்னுட்டாங்க. அப்படி அழுதாங்க சார்."

அசரியாவுக்கு ரத்தம் கொதித்தது. கமிட்டிக்குத் தெரியாமல் இவனிடம் வந்து பேச யார் அவள்?

"பேர்கூட இல்லாத குழந்தைக்கெல்லாம் இடம் விட முடியாது. ஏத்து வண்டியை. இல்லைன்னா அடுத்த வருஷம் வேற வண்டி பார்த்துக்கறேன். பொத்தேரி காலேஜுக்கும் ஒரு போன் போட்டுடறேன்."

பொத்தேரி காலேஜ் மைதானத்தில் மாரிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அது போனால் மழைக்காலம் முழுக்க வண்டி சும்மா நிற்க வேண்டியதுதான்.

மாரி இன்ஜினை அணைத்தான்.

"போன் போட்டுக்கங்க சார்."

இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"அந்தம்மா நாளைக்கு வந்தா இதக் குடுத்துடுங்க. அன்னிக்குக் கையில வெச்சிருந்த சாப்பாட்ட எனக்குக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. டப்பா என்கிட்டயே தங்கிடுச்சி. பேர் வெட்டியிருக்கு, எனக்குத்தான் படிக்கத் தெரியாது."

எவர்சில்வர் டிபன் டப்பா. பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான். அசரியா வேண்டா வெறுப்பாக மூடியைத் திருப்பினார்.

'அசரியா – மெட்டில்டா. 12.5.1983.'

அவருடைய கல்யாணப் பாத்திரம். போன வருஷம் எங்கே தொலைத்தாய் என்று அதட்டியபோது மெட்டில்டா வாயே திறக்கவில்லை.

தலைப்பிரசவம் ஆனபோது அவர் டெல்லியில் டூட்டியில் இருந்தார். அன்றே இறந்த குழந்தையை மாமனார்தான் புதைக்கத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு சின்னக் கல்லாவது நடலாம் என்று பிறகு அவள் கேட்டாள்.

"பேர்கூட வைக்காததுக்குக் கல் எதுக்கு? அந்தப் பேச்சையே எடுக்காதே" என்று அன்றைக்கே வாயை அடைத்துவிட்டார். நாற்பது வருஷமாகிறது. எங்கே புதைத்தார்கள் என்று ஒரு தடவைகூட அவளிடம் கேட்டதில்லை.

மாரி அரிவாளோடு சுவரோரம் போய்க்கொண்டிருந்தான்.

"இரு மாரி."

அசரியா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். அரிவாளை வாங்கிக்கொண்டு புல்லுக்கு முன்னால் மண்டியிட்டார். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் மாரியை நிமிர்ந்து பார்த்தார்.

"தலைமாடு எந்தப் பக்கம்ப்பா?"