தரணி அனுப்பிய ஓகே

“திருப்பதில வீடு பாத்து அட்வான்ஸும் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கல்யாணத்துக்கே யாரும் என்னைக் கேக்கல, இதுக்கா கேக்கப் போறீங்க?” என்றாள் தரணி.

வேணுவுக்குச் சுருக்கென்றது.

“நான் கேட்டேனே! பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி மெசேஜ் அனுப்பினேன். நீயும் ஓகேன்னு அனுப்பினே.”

“பொய் சொல்லாதீங்க.”

பீரோவைக் குடைந்து அந்தக் குட்டி ஆண்ட்ராய்டு போனை எடுத்தான். நிச்சயதார்த்தத்தன்று அவளுக்கு அவன் வாங்கிக் கொடுத்தது. சித்தூர்க் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த போன். சார்ஜரில் போட்டதும் மெல்ல உயிர் வந்தது. அவன் பெயரில் ஒரு மெசேஜ், அதன் கீழே அவளுடைய ஓகே.

“இதோ பாரு!” என்று மெசேஜைத் திறந்தவன் விழித்தான். வரிக்கு வரி வெறும் கட்டங்கள். ஓர் எழுத்துகூட இல்லை.

“தமிழ்லதானே அடிச்சேன்? என் பட்டன் போன்லயே தமிழ் வந்துதே!”

“இதுல வரல. அன்னிக்கும் இப்பிடித்தான் கட்டம் கட்டமா வந்துது.”

“அப்புறம் எதுக்கு ஓகேன்னு அனுப்பினே?”

“நீங்க ஆசையா வாங்கிக் குடுத்த போனு. எழுத்தே தெரியலன்னு எப்பிடிச் சொல்றது? ஆமா, இன்னா கேட்டிருந்தீங்க?”

“உனக்கு நெஜமாவே இஷ்டமா, இல்ல உங்க நைனா சொல்றாருன்னு ஒத்துக்கினியா? இஷ்டமில்லன்னா சொல்லு, நானே நிறுத்திடறேன்னு...”

தரணி அந்தக் கட்டங்களை விரலால் தடவினாள்.

“சரி, இப்ப கேளுங்க.”

வேணு சார்ஜரைப் பிடுங்கிப் போனைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

“மொதல்ல, திருப்பதிக்குப் போலாமா வேணாமா, அதைச் சொல்லு.”