ரோட்டுப் பக்கக் கதவு

"சாரின்னு மட்டும் சொல்லிடாதே. சொன்னா நம்ம தப்புன்னு ஆயிடும்!"

போனில் கணவன் போட்ட முதல் கட்டளையே அதுதான். அடிபட்டவருக்கு உயிர் இருக்கிறதா என்றுகூட அவன் கேட்கவில்லை.

அவளும் சொல்லவில்லை. காரைப் பிடித்தபடி நின்றாள்.

பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தியபோதே நேரமாகிவிட்டிருந்தது. "சீக்கிரம் இறங்குடி!" என்று பின்சீட்டைத் திரும்பிப் பார்க்காமலே கத்தியவள் அவள்தான். ஐந்து வயது மகள் ரோட்டுப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தாள். சைக்கிளில் வந்த தையல்காரர் அதில் மோதித் தெறித்து விழுந்தார்.

கூட்டம் கூடிவிட்டது.

"இந்தச் சைக்கிள்காரங்களுக்கு ரோடு என்னமோ அப்பன் வீட்டுச் சொத்து!"

"நிக்கிற காரை ஒட்டிக்கிட்டா வருவாங்க? கண்ணு பொடனியிலயா இருக்கு?"

தையல்காரர் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி எழுந்தார். கார் பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"தப்பு என்மேலதான்மா. நான்தான் பாக்காம வந்துட்டேன்."

"அவரே ஒத்துக்கிட்டாரா?" போனில் கணவன் துள்ளினான். "அப்பாடா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு!"

இரண்டு நாள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது.

"பாப்பாவையும் கூட்டிட்டுப் போ. குழந்தையோட வந்திருக்கான்னா கொஞ்சம் தயவு பாப்பாங்க" என்றான் கணவன்.

மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு அழைத்துப்போய், மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டாள்.

எதிரே தையல்காரர். கத்தரிக்கோல் பிடிக்கிற கையில் முழங்கைவரை மாவுக்கட்டு.

"தையக்காரரே, ஊருக்கே அளவெடுக்கிறீங்க, உங்க கணக்கு உங்களுக்குத் தெரியலையே!" என்றார் இன்ஸ்பெக்டர். "கதவை யார் திறந்தாலும் சட்டப்படி வண்டி ஓட்டினவங்கதான் பொறுப்பு. நடந்ததைச் சொன்னா வைத்தியச் செலவு, நஷ்டஈடு எல்லாம் இன்சூரன்ஸ்ல வரும். உங்க தப்புன்னா சல்லிக்காசு வராது. இப்ப சொல்லுங்க, கதவைத் திறந்தாங்களா இல்லையா?"

அவள் மகளை இறுக அணைத்துக்கொண்டாள். சொல்லிவிடுவாரோ?

தையல்காரர் அவர்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"கதவு முன்னாடியே திறந்துதான் இருந்துச்சு சார். நான்தான் பராக்குப் பாத்துட்டு வந்து மோதிட்டேன்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"அவர்... அவர் சொல்றதுதான் சார்" என்றாள்.

வெளியே வந்த பிறகுதான் மூச்சே வந்தது. 'பிழைக்கத் தெரியாத மனுஷன்' என்று நினைத்துக்கொண்டாள்.

கார் சாவியை மேசைமேலேயே விட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. வராந்தாவில் இருந்த பெண் காவலரிடம் மகளை விட்டுவிட்டுத் திரும்பியவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே இன்ஸ்பெக்டர் பொரிந்துகொண்டிருந்தார்.

"குழந்தை கதவைத் தள்ளினதை ஸ்கூல் வாட்ச்மேன் பாத்திருக்கான்! அந்தம்மாவைக் காப்பாத்தி உங்களுக்கு என்னய்யா ஆகப்போவுது?"

"அவங்களைக் காப்பாத்தலை சார். நான் விழுந்து கிடக்கிறேன், அந்தக் குழந்தை அழுதுக்கிட்டே 'நானா மாமா உங்க கையை உடைச்சேன்?'னு கேட்டுச்சு."

"குழந்தைமேல யாருய்யா கேஸ் போடப்போறா? சட்டம் அம்மாவைத்தானே கேக்கும்?"

சாவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எந்த முகத்தோடு உள்ளே போய் அதை எடுப்பது?

"அது நமக்குத் தெரியும். மடியில உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த குழந்தைக்குத் தெரியுமா சார்?" தையல்காரர் மெதுவாகச் சொன்னார். "அந்தம்மா மட்டும் தனியா வந்திருந்தா, உள்ளதைச் சொல்லியிருப்பேன்."