மூன்று கட்டங்கள்

கிட்டே வந்து காலை நீட்டி உட்காருங்கள் கண்ணுகளா. அலைந்து ஓய்ந்த ஒரு தையற்காரரின் கதை சொல்கிறேன்.

பழைய நெறி குலையக்கூடாது என்று தெருத்தெருவாய் ஏறி இறங்கும் சங்கம் அவருடையது. தங்கள் எம்.பி. நாடாளுமன்றத்தில் எப்படி ஓட்டுப் போட்டார் என்று மாதாமாதம் தாள் அச்சடித்து வீடுவீடாகக் கொடுப்பார்கள். தாளில் மூன்றே கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு, வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகளை மூடும் சட்டத்துக்காக ஆறு வருஷம் அலைந்தார்கள். அது ஒரே ஓட்டில் தோற்றது. எம்.பி. அன்று சபைக்கே போகவில்லை.

"இந்த ஒரு தடவை விட்டுடுங்கண்ணே," என்றார் சங்கத்தில் கூடவே இருந்த மருந்துக்கடைக்காரர். "இது வெளியே போனா கட்சி அவருக்கு சீட்டே குடுக்காது."

"காரணம் எழுத நம்ம தாள்ல கட்டம் இல்லையே தம்பி. முன்னாடி இருந்த எம்.பி.க்களுக்கு எழுதினோமா?"

தையற்காரர் மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டார்.

மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு என்ன கல்லு மனசா? அதே அன்னிக்குத்தானே அண்ணி செத்தாங்க! சபைக்குப் போகாம ஓடிவந்து பாடைக்குத் தோள் குடுத்த மனுஷன் அவரு!"

தையற்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்கு இன்னும் ஒரு நன்றி சொல்லலை. இந்தத் தாளையும் நானேதான் அவர் கையில குடுக்கணும். கூட வர்றியா தம்பி? தனியாப் போகத் தெம்பில்லை."

உங்கள் வீட்டில் தோள் கொடுக்க ஆளும், உள்ளதைச் சொல்லும் நாக்கும் என்றும் குறையாதிருக்கட்டும்.